கை கழுவ வேண்டியவர்கள் நாங்கள் மட்டுமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில், மலையகத் தேயிலைத் தோட்டத்து மக்களின் காயங்கள் சீழ் பிடிப்பதற்கு அவர்களது சுத்தக் குறைவே காரணம் என்று ஒரு வரி வந்திருந்தது. அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகையை வாங்கும் குடும்பம் எங்களுடையது. அந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு). தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில், கால் பெருவிரலுக்குக் கீழே மிலாறு (வெட்டிய செடியின் குச்சி) குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. சீனி வருத்தத்தில் பாதம் மரத்துப் போகும் என்பது நீங்கள் அறிந்ததே. வேலை விட்டு வந்து பீலியில் கால் கழுவியபோது தண்ணீர் சிவப்பாக ஓடியதைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறினோம். சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் காயத்தைக் கழுவி, அவித்துக் காயவைத்த துணியால் நான்தான் கட்டினேன். தேயிலைத் தூளோ மஞ்சளோ அப்பவில்லை. இதற்கு மேல் என்ன சுத்தத்தை எங்களிடம் எதிர்பார்க்கிறார் உங்கள் கட்டுரையாளர்?

தோட்டத்து டிஸ்பென்சரி அன்றும் பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பேர் இல்லை. அன்றைய சம்பளம் போய்விடும். ரோடு இருக்கிற கோலத்தில் ஆட்டோக்காரர் கேட்பதுதான் கூலி. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு போனோம். அங்கே மருந்து கட்டும் அறையில், முன்னால் இருந்தவரின் சீழ்ப் புண்ணைத் துடைத்த அதே கையுறையோடு அம்மாவின் கட்டை அவிழ்த்தார்கள். கையுறையை மாற்றுங்கள் என்று கேட்டேன். தோட்டத்து ஆட்களுக்கு வாய் கூடிப்போய்விட்டது என்று பதில் வந்தது. சில நாளில் காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கி, நாற்றம் எடுத்து, காய்ச்சலும் கண்டது. கடைசியில் விரலையே எடுத்தார்கள். கிருமி யார் கையால் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. எங்கள் கையால்தான் என்று உங்கள் கட்டுரையாளரால் மட்டும் எப்படி எழுத முடிந்தது?

1847இல் வியன்னாவில் செமல்வைஸ் என்ற மருத்துவர் செய்தது ஆசிரியருக்குத் தெரியாததல்ல. பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களை அவர் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் இறந்த பிரிவில், ஜூனில் அது நூற்றுக்கு 2 ஆனது. அழுக்கு அந்தத் தாய்மாரிடம் இருக்கவில்லை.

கொழுந்து எடுக்கும் மலையில் கை கழுவ ஒரு குழாய் கிடையாது, கக்கூஸ் கிடையாது. 1948இல் இலங்கை அரசு மலையகத் தமிழரான எங்களிடமிருந்து பறித்த பிரஜாவுரிமை, கடைசியாக மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003இல்தான் திரும்பி வந்தது. குடிதண்ணீர் வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோம். இவ்வளவுக்கும் பிறகு, சுத்தம் தெரியாதவர்கள் என்ற பெயரும் எங்களுக்கா?

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒட்டுவதற்கு ஏற்ற மாதிரி, கீழே உள்ளவற்றைப் பெரிய எழுத்தில் கால் பக்க அளவில் போடுங்கள். அதைத்தான் கேட்கிறேன். காயத்தைத் தொடுமுன் சவர்க்காரத்தால் கை கழுவ வேண்டும். சுத்தமான தண்ணீரை ஊற்றி மண்ணும் தூசும் போகக் கழுவ வேண்டும். புண்ணுக்குள் ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. மழையில் கட்டு நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். ஏற்புவலி (டெட்டனஸ்) தடுப்பூசி தேவையா என்று கேட்க வேண்டும். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மறுநாள் என்று தள்ளிப் போடக் கூடாது. மருந்து கட்டுபவரும் ஒவ்வொரு நோயாளிக்கும் கை கழுவிக் கையுறை மாற்ற வேண்டும் என்பதையும் அதே அளவு எழுத்தில் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நுவரெலியா மாவட்டம்.