மழைக்கு முன்பே பைக்குள் இருக்கட்டும்

தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளுக்குப் பாடப்பொருள் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். மரக்காணம் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் எங்கள் இரண்டு பேர் கையில்தான். உங்களில் பலரும் எங்களைப் போல வகுப்பறையிலிருந்து போனவர்கள் என்பதால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். பள்ளி மூடிக் கிடக்கும் நாட்களுக்கென்று தனியாக ஒரு பாடப்பொருள் வேண்டும். அது தாளில் வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையின் பைக்குள்ளும் இருக்க வேண்டும்.

கொரோனாதான் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று தோன்றலாம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அப்படித் தோன்றாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதன் பிறகு எங்கள் மாவட்டத்தில் பல நாட்கள் பள்ளி கிடையாது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் வந்து சென்னையையும் சுற்று மாவட்டங்களையும் முடக்கியது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தெற்கே கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. வெயிலும் பள்ளியை மூடுகிறது. 2023இல் ஜூன் தொடக்கத்தில் திறந்திருக்க வேண்டிய பள்ளிகள் வெப்பத்தால் தள்ளிப்போய், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு 14ஆம் தேதிதான் திறந்தன. இவை போக, காலையில் எழுந்ததும் கலெக்டர் லீவு விட்டிருக்கிறாரா என்று போனைப் பார்க்கும் நாட்கள் தனி.

விட்ட நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டிவிடுகிறோம். ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாள் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, அந்தக் கணக்கு நேராகிவிடும். ஆனால் ஒன்றாம் வகுப்பில் ‘ட’வும் ‘ப’வும் அப்போதுதான் பிடிபட்ட பிள்ளை பத்து நாள் விட்டுவிட்டு வந்தால், சனிக்கிழமை வகுப்பில் மறுபடியும் ‘ட’விலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஐந்து வகுப்பையும் ஒன்றாக வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும்.

2020 மார்ச் நடுவில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரை திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. மூடியபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, திறந்தபோது மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. நடுவில் ஒரு முழு வகுப்பே அந்தப் பிள்ளைக்குக் கிடையாது. அன்று என் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் சிலருக்குத் தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுத வரவில்லை. சிலருக்கு அதுவும் வரவில்லை.

அந்த இடைப்பட்ட காலத்தில் எங்களிடம் எதுவும் இல்லை என்று சொல்லமாட்டேன். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்தது. பாடநூலில் க்யூஆர் கோடு இருந்தது. அதை ஸ்கேன் செய்தால் காணொலி வரும். நல்ல காணொலிகள் அவை. செய்தவர்களின் உழைப்பு அதில் தெரிந்தது. ஆனால் எங்கள் ஊரில் அப்பாவின் போன் காலை ஐந்து மணிக்கே அவரோடு உப்பளத்துக்கோ கடலுக்கோ போய்விடும். அது திரும்பி வரும்போது பிள்ளைக்குத் தூக்கம் வந்திருக்கும். டிவி இருந்த வீட்டிலும் அண்ணனுக்குப் பத்தாம் வகுப்பு, தங்கைக்கு இரண்டாம் வகுப்பு, பெட்டி ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் எங்களுக்கு வந்து குவிந்த இணைப்புகளை நானும் உண்மையாகவே அனுப்பிக்கொண்டிருந்தேன். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று மூன்று மாதம் எனக்குத் தெரியாது.

எனக்கு வழி காட்டியது சத்துணவு அரிசிதான். சமைத்த சாப்பாடு போட முடியாததால், பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய அரிசியையும் பருப்பையும் பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்துக் கொடுத்தோம். பிறகு முட்டையும் கொடுத்தோம். ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டிலிருந்தும் அந்த நாளில் யாராவது ஒருவர் கட்டாயம் வந்தார்கள். சரி, அரிசியோடு ஒரு தாளையும் கொடுத்துவிடலாமே என்று தோன்றியது. கையால் எழுதி, பஜாரில் ஜெராக்ஸ் போட்டு, ஒரு பிள்ளைக்கு எட்டுப் பக்கம் பின் அடித்துக் கொடுத்தோம். அடுத்த முறை அரிசி வாங்க வரும்போது பழைய தாளைக் கொண்டுவந்தால் புதிய தாள். முதல் முறை பாதிதான் திரும்பி வந்தது. மூன்றாவது முறை ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டது. ஒரு தாளில் மஞ்சள் கறை, ஒன்றில் ரேஷன் கடைக் கணக்கு. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாளில் எல்லா விடைக்கும் பக்கத்தில் கோணலாக ஒரு ‘சரி’ குறி இருந்தது. யாரம்மா போட்டது என்று கேட்டேன். ஆயா போட்டது என்றாள். அந்த ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள், கேட்டு முடித்ததும் அந்த அம்மாள் குறி போட்டிருக்கிறார்.

உங்களிடம் நான் கேட்கும் பாடப்பொருளின் மாதிரி அந்தத் தாளில் இருக்கிறது. அதில் என்ன பலித்தது, என்ன பலிக்கவில்லை என்று சொல்கிறேன்.

‘எழுதிப் பார்’ என்று கொடுத்தவை பெரும்பாலும் காலியாகவே திரும்பின. ‘யாரிடமாவது சொல்’, ‘யாரிடமாவது கேள்’ என்று கொடுத்தவை நிறைந்து வந்தன. உப்பளத்தில் ஒரு பாத்தி எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம் என்று அப்பாவிடம் கேட்டு வா என்றேன். நான்காம் வகுப்புப் பையன்கள் பரப்பளவே கணக்குப் போட்டு வந்துவிட்டார்கள். வீட்டிலிருக்கும் முட்டையை இரண்டிரண்டாக அடுக்கு, ஒன்று மிஞ்சுகிறதா பார் என்றதும் ஒற்றை, இரட்டை புரிந்துவிட்டது. வகுப்பு வாரியாகக் கொடுத்தது தவறு. மூன்றாம் வகுப்புத் தாளை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பலரால் படிக்கவே முடியவில்லை. இரண்டாவது மாதமே வகுப்பை விட்டுவிட்டு நிலைப்படி பிரித்தோம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. என்னைப் போலப் பதினைந்து இருபது வருடம் முன்பு வேலைக்கு வந்தவர்கள் செயல்வழிக் கற்றலில் ஊறியவர்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி 2007இல் மாநிலம் முழுக்க வந்தது அது. சுவரில் கற்றல் ஏணி இருக்கும். பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறது என்று தானே பார்த்து, அதற்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய்த் தன் குழுவில் உட்காரும். ஆசிரியர் உதவியோடு படிக்கும் குழு, சக மாணவர் உதவியோடு படிக்கும் குழு, தானே படிக்கும் குழு என்று தனித்தனியாக உண்டு. முடித்ததைக் கம்பிப்பந்தலில் தொங்கவிடும். அதில் குறைகள் இருந்தன. அட்டைகளைத் தேடுவதிலேயே பாதி நேரம் போகும். ஆனால் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்த பிள்ளை திரும்பி வந்தால் விட்ட படியிலிருந்தே தொடரலாம். பத்து நாள் மழையில் அடைந்து கிடக்கும் பிள்ளைக்கும் வேண்டியது இதுதானே? இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறோம். வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக வந்திருக்கின்றன. பிள்ளைகள் கையில் கொடுத்தால் கீழே வைப்பதில்லை. இரண்டும் பள்ளி திறந்திருக்கும் நாட்களுக்காகச் செய்தவை. வீட்டுக்குப் போகிற மாதிரி, பெரியவர் பக்கத்தில் இல்லாமலும் நடக்கிற மாதிரி இவற்றிலிருந்தே ஒரு தாள் கட்டு செய்ய உங்களால் முடியும்.

ஒரு நிலைக்குப் பத்து நாள், ஒரு நாளைக்கு ஒரே ஒரு தாள் போதும். நாற்பது பக்கம் கொடுத்தால் பயந்துபோய்த் திறக்கவே மாட்டார்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். படம் கறுப்பு வெள்ளையில் இருந்தால் பிள்ளையே வண்ணம் தீட்டிக்கொள்ளும். ஜெராக்ஸிலும் தெளிவாக விழும். நனையாத ஒரு கவரில் போட்டு, கூடவே ஒரு பென்சிலும் வையுங்கள். பென்சிலைச் சும்மா சொல்லவில்லை. ஃபெஞ்சல் சமயத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் முகாமில் இருந்தார்கள். பார்க்கப் போனபோது நான் கொண்டுபோனது பத்துப் பழைய தாள்கள். எழுத அங்கே எதுவுமே இல்லை. புத்தகப் பை நனைந்து வீட்டோடு கிடந்தது.

கட்டின் முதல் பக்கம் வீட்டிலிருக்கும் பெரியவருக்காக இருக்க வேண்டும். அறிவுரையெல்லாம் வேண்டாம். “பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். தப்பாகச் சொன்னாலும் முடிக்கும்வரை கேளுங்கள். முடிந்ததும் ஒரு குறி போடுங்கள்.” இவ்வளவு போதும், பக்கத்தில் ஒரு படத்தோடு. படிக்கத் தெரியாத அம்மா, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தன்னால் முடியாது என்று ஒதுங்கிவிடுகிறார். அவரால் செய்ய முடிந்த வேலை இது என்று அந்தப் பக்கம் காட்ட வேண்டும். படிக்கத் தெரிந்த அக்கா அண்ணன்களுக்கும், இல்லம் தேடிக் கல்வியில் மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்த தன்னார்வலர்களைப் போன்றவர்களுக்கும் இன்னொரு பக்கம் தனியாக இருக்கலாம். ஊருக்குள்ளேயே இருக்கும் ஒரு பெண், முற்றத்தில் பாய் விரித்து நடத்தியதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கு வரப் பயந்த பிள்ளை அங்கே போனது.

அப்புறம் போன். பட்டன் போன் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு, அதில் காணொலி பார்க்க முடியாது, பேச முடியும். அந்தப் பேச்சுக்குப் பலன் உண்டு. 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது போட்ஸ்வானாவில் சோதித்துப் பார்த்தார்கள். சில வீடுகளுக்கு வாரம் ஒரு கணக்கைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். சில வீடுகளுக்குக் குறுஞ்செய்தியோடு சேர்த்து, வாரம் ஒரு முறை அழைத்து இருபது நிமிடம்போலப் பிள்ளையோடும் பெற்றோரோடும் அந்தக் கணக்கைப் பற்றிப் பேசினார்கள். அழைத்துப் பேசிய வீட்டுப் பிள்ளைகள்தான் தெளிவாக முன்னேறினார்கள். நானும் மாலை ஏழு மணிக்குமேல் அப்பாக்கள் வீட்டிலிருக்கும் நேரமாகப் பார்த்து அழைத்தேன். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். “டீச்சர் உன்கூடப் பேசணுமாம்” என்று போனைக் கொடுக்கும்போது அந்தக் குழந்தையின் மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் என்ன கேட்பது? சாப்பிட்டாயா, படித்தாயா என்பதற்குமேல் எனக்கே வரவில்லை. இதற்குத்தான் ஆசிரியருக்கென ஒரு சின்னக் கையேடு கேட்கிறேன். ஒவ்வொரு தாளுக்கும் மூன்று கேள்வி. பிள்ளை இப்படிச் சொன்னால் அடுத்து இதைக் கேள், சொல்லத் தெரியாவிட்டால் முந்தைய தாளுக்குப் போ. ஆசிரியர் பயிற்றுநர்கள், சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மதியம் எங்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பேசிப் பழக்கினால் போதும். அழைப்புச் செலவுக்கு ஆசிரியருக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கச் சொல்லி நீங்களும் பரிந்துரைக்க வேண்டும்.

தாளைக் கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். மழையில் வீடு வீடாகப் போகும் ஆசிரியர் கையில் குடையும் தாளும் இருக்கட்டும். யாருக்கு எந்த நிலைத் தாள், யார் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதிவைப்போம், யார் வந்தாலும் காட்டுவோம். எந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்ற முடிவையும் ஆசிரியரிடமே விடுங்கள். உப்பளம் இல்லாத ஊரில் பாத்திக் கணக்கு எதற்கு? அங்கே நெல் மூட்டையோ தீப்பெட்டிக் கட்டோ இருக்கும். ஒவ்வொரு கட்டிலும் இரண்டு தாளை ஊர் ஆசிரியர் எழுதுவதற்கென்று வெறுமையாக விட்டுவையுங்கள்.

இன்னொரு கூட்டத்தையும் மறந்துவிட வேண்டாம். எங்கள் பள்ளியில் இருளர் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் படிக்கிறார்கள். அம்மா அப்பா செங்கல் சூளைக்குப் போகும்போது அவர்களும் போய்விடுகிறார்கள். நாங்கள் பள்ளியைத் திறந்து வைத்திருக்கும் அந்த மாதங்களில் அவர்களுக்குப் பள்ளி மூடிக் கிடக்கிறது. புறப்படும் நாள் தெரிந்தால் கையில் கொடுத்தனுப்ப எங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். மழைக்குச் செய்யும் கட்டை அவர்களுக்கும் கொடுத்துவிடலாம்.

2020இல் நாங்கள் கையால் எழுதிய தாள்கள், பிள்ளைகள் திருப்பிக் கொடுத்தவை, எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மஞ்சள் கறையும் ஆயாவின் குறியும் உள்ளவையும் அதில் உண்டு. கட்டு எழுத உட்காரும்போது சொல்லி அனுப்புங்கள், பெட்டியோடு வருகிறேன். ஆகஸ்டுக்குள் உட்கார்ந்தால் அச்சாகி அக்டோபர் முதல் வாரத்தில் பள்ளிக்கு வந்துவிடும்.

அன்புடன்,
ஓர் ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியை,
விழுப்புரம் மாவட்டம்