விசாரணைக்கு முன்னால் சொன்ன வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் வந்த சட்டக் கட்டுரையில் ஒரு வரி. பள்ளி ஊழியர்களைப் பற்றி அதிகாரிகள் நல்லெண்ணத்தில் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதனால் யாரும் புண்பட வேண்டியதில்லை என்று. பாதுகாப்பு உண்டு, சரி. புண்பட வேண்டாம் என்று சொல்ல அந்தக் கட்டுரையாளர் யார்?

நான் அரசுப் பள்ளி அலுவலகத்தில் 29 வருடம் வேலை பார்த்தவன். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் பெற்றோர் கூட்டத்தில், நிருபர்கள் நிற்கும்போதே, என்னைக் கைகாட்டி, "பிள்ளைகளின் உதவித்தொகையை இவர்தான் சாப்பிட்டுவிட்டார்" என்றார். மறுநாள் பேப்பரில் கட்டம் கட்டி வந்தது. ஏழு மாத விசாரணைக்கு அப்புறம் தெரிந்தது என்ன? பிள்ளைகளின் வங்கிக் கணக்குகள் வரவு செலவு இல்லாமல் முடங்கிப்போனதால் பணம் துறைக் கணக்குக்கே திரும்பியிருந்தது. வங்கிக்கு ஒரு போன் போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். என்மேல் குற்றமில்லை என்று ஒரு பக்க உத்தரவு வந்தது. அதை எந்தக் கூட்டத்திலும் படிக்கவில்லை, எந்தப் பேப்பரும் போடவில்லை. அந்த ஏழு மாதமும் என் மனைவி ரேஷன் கடைக்குக்கூடப் போகவில்லை.

வக்கீலைப் பார்த்தேன். அவதூறுச் சட்டத்தில் (அப்போது இந்தியத் தண்டனைச் சட்டம் 499, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356) மேலதிகாரி நல்லெண்ணத்தோடு கண்டித்தால் குற்றமில்லை என்று விலக்கு இருக்கிறது, அலுவல் முறையில் பேசினேன் என்று அவர் சொல்லிவிட்டால் வழக்குக்கு அரசின் முன் அனுமதியும் வேண்டியிருக்கும் என்றார். வேலையில் இருந்த நான் கோர்ட்டுக்கோ பத்திரிகைக்கோ போகவும் அரசு ஊழியர் நடத்தை விதிப்படி அனுமதி வாங்க வேண்டியிருந்தது, அந்த மனுவும் 'உரிய வழியாக' அதே அதிகாரியின் மேசையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டியிருந்தது. எழுதிய மனு இன்னும் என் பீரோவில் கிடக்கிறது.

உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது நல்லெண்ணத்தில் செய்தது ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறதே, உங்களுக்குத் தெரியாததா? கட்டுரையாளர் அதை ஏன் விட்டார்? சட்டமன்றத்துக்குள் உறுப்பினர் பேசுவதற்கு அரசியல் சட்டம் 194வது பிரிவு முழுப் பாதுகாப்பு தருகிறது, அது அவைக்குள். பள்ளிக்கூட முற்றம் சட்டமன்றம் இல்லை. எங்களை வேலையை விட்டு நீக்குவதற்கே அதே அரசியல் சட்டத்தின் 311வது பிரிவுப்படி குற்றச்சாட்டைச் சொல்லி, பதிலைக் கேட்டு விசாரிக்க வேண்டும். பெயரைக் கெடுக்கும் முன் யாரும் எங்களை ஒரு கேள்வி கேட்பதில்லை. தேர்தல் வேலைக்கும் கணக்கெடுப்புக்கும் பள்ளிக்கூடத்து ஆட்கள் வேண்டும், தேர்ச்சி விகிதம் குறைந்தால் மேடையில் சோம்பேறிகள் என்பார்கள், நீங்களும் அதைத் தலைப்பாகப் போடுவீர்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒரு ஊழியரைப் பற்றி அதிகாரி சொன்னதை அச்சிடும் முன் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். விசாரணை முடிவை அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். எனக்கு வந்த உத்தரவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி அலுவலக உதவியாளர்