கையசைக்க மட்டுமா பெற்றோர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் வெளிநாட்டுக் கற்றல் பயணங்களைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரையில், பெற்றோரின் பங்கு சாங்கி விமான நிலையத்தில் கையசைப்பதோடு முடிந்துவிடுவதாகப் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. எழுதியவர் அதைப் பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கப் பழகுகிறார்களாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதும் பணம் கட்டுவதும் பெட்டி அடுக்குவதும் யார் என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர்.

என் பேத்தி உயர்நிலை மூன்றில் படித்தபோது, அவளுடைய பள்ளி தமிழ் மாணவர்களைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றது. நான் பிறந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். என் தம்பி குடும்பம் இன்றும் அங்கே பயிர் செய்கிறது. பிள்ளைகள் அரை நாள் அங்கு வந்து, வயலைப் பார்த்து, வாழையிலையில் சாப்பிட்டுப் போகட்டும் என்று பள்ளிக்குப் பணிவோடு எழுதினேன். பயண முகவர் நிரலை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதாக ஒற்றை வரியில் பதில் வந்தது. தஞ்சாவூரை அவர் என்னைவிட நன்றாக அறிந்திருப்பார் போலும். அந்த நிரலின்படி பெரிய கோயிலுக்குக் கிடைத்த நேரத்தைவிடச் சென்னைப் பேரங்காடிக்குக் கிடைத்த நேரம் அதிகம். இராசராசன் 1010இல் கட்டி முடித்த அந்தக் கோயிலின் சுவரில், இராசேந்திரனின் கடல் கடந்த படையெடுப்பைக் கூறும் கல்வெட்டில், கடாரமும் ஸ்ரீவிஜயமும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. இங்கிருந்து பேருந்திலேயே போய்விடலாம். அதைச் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. பேத்தி கைப்பேசியில் காட்டிய படங்களில் நந்தி இருந்தது, தோழிகள் இருந்தார்கள், கல்வெட்டு இல்லை.

பாதுகாப்பைக் காரணம் சொல்வார்கள். 2015 ஜூன் 5ஆம் தேதி மலேசியாவின் கினபாலு மலையில் நிலநடுக்கம் ஏற்பட்டு, பயணம் சென்ற சிங்கப்பூர் மாணவர்கள் உயிரிழந்ததை இந்நாட்டில் எவரும் மறக்கவில்லை. பள்ளிகள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தகும். என் தம்பி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிப்பதில் என்ன ஆபத்து என்பதை மட்டும் இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

முன்பெல்லாம் இப்படி இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மகனின் பள்ளி மலாக்காவுக்குப் பேருந்தில் சென்றபோது பெற்றோருக்கும் இடம் கொடுத்தார்கள். பல தலைமுறைகளுக்கு முன் அங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் காஜா பெராங்கில் வாழும் குடியிருப்பில், தமிழ் பேசத் தெரியாவிட்டாலும் பொங்கல் வைக்கத் தவறாத ஒரு பாட்டியிடம் என் மனைவி மலாயில் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னதை, ஐம்பதை நெருங்கும் என் மகன் இன்றும் பேசுகிறான். எந்த முகவரின் நிரலிலும் அந்தப் பாட்டி இருக்கமாட்டார். அடுத்த ஆண்டே இடப் பற்றாக்குறை என்று சொல்லிப் பெற்றோரை நிறுத்திவிட்டார்கள். பேருந்தின் பின்வரிசைகள் காலியாகத்தான் போயின.

பணத்தைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. உயர்நிலை மாணவரின் எடுசேவ் கணக்கில் அரசாங்கம் ஆண்டுக்கு 290 வெள்ளி போடுகிறது. அதை இத்தகைய பயணங்களுக்குப் பயன்படுத்தலாம் என்பது உண்மை. பல பயணங்களுக்கு அது ஒரு மூலைக்கும் காணாது என்பதும் உண்மை. நிதி உதவியும் உண்டு, கேட்டால். கேட்கக் கூச்சப்பட்டு, போக விருப்பமில்லை என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு ஜூன் விடுமுறை முழுவதும் கீழ்த்தளத்தில் தனியாகப் பந்து உதைத்த ஒரு பையனை எங்கள் புளோக்கிலேயே பார்த்திருக்கிறேன். அவனுடைய தாயாரும் தங்கள் வாசகர்தான்.

தங்களிடம் நான் கேட்பது சிறியது. அடுத்த முறை இத்தகைய கட்டுரை வரும்போது, தலைமையாசிரியரையும் மாணவத் தலைவர்களையும் கேட்பதோடு, ஒரு பெற்றோரையோ பாட்டன் பாட்டியையோ கேட்டு நான்கு வரி சேருங்கள். பயணத்துக்கு எவ்வளவு செலவானது என்பதையும் போடுங்கள். பயணம் முடிந்து மாணவர்கள் பள்ளியில் நடத்தும் பகிர்வு நிகழ்ச்சியை, குடும்பத்தார் வரக்கூடிய மாலை நேரத்தில் வைக்கும்படி தாங்கள் ஒரு வரி எழுதினால் நன்றியுடையவனாவேன். என் பேத்தியின் பள்ளியில் அது வேலை நாளில், காலை பத்து மணிக்கு நடந்தது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
யீஷூன்