மகளின் பிறப்புப் பதிவில் குடும்பப்பெயரைத் திருத்தக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
யாழினியின் அப்பா,
சந்தைக்குப் பின்தெரு, பரோட்டாக் கடை மாடி.
(முழுப் பெயரும் முகவரியும் இணைப்புத் தாளில்)

பெறுநர்:
குடிமைப் பதிவாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், செபுத் தீவின் தென்கரை, பிலிப்பைன்ஸ்.

நாள்: 04.08.2025

பொருள்: 2016ஆம் ஆண்டு பதிவான பிறப்புச் சான்றிதழில் மகளின் குடும்பப்பெயர் ‘எஸ்’ என்று ஒற்றை எழுத்தாக இருப்பதை ‘சுப்பையா’ என்று திருத்தித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள், நாள் 10.06.2024, 18.11.2024, 03.03.2025. (மூன்றுக்கும் பதில் இல்லை.)

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். இந்த மனுவை முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, பிறகு என் மனைவியிடம் கொடுத்து இந்த ஊர்ப் பிசாயா மொழியில் எழுதி வாங்கித் தங்களிடம் சேர்க்கிறேன். முந்தைய மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். அவற்றைப் படித்தால் தண்ணீர் வரி கட்டியவன் ரசீது கேட்பதுபோல இருக்கிறது என்று மனைவி சொன்னாள். இந்த முறை மனசில் இருப்பதை என் பாஷையில் எழுதச் சொல்லியிருக்கிறாள்.

தங்களுக்கு என்னைத் தெரியும். துபாயில் வேலை பார்த்தபோது இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, 2014 முதல் இங்கேயே தங்கிவிட்ட தமிழ்நாட்டுக்காரன். அலுவலக மாடிப்படிக்கு எதிரே தாலிசாய் மரத்தடியில் வாடகைக்கு ஆளேற்றும் ஹபல்-ஹபல் பைக்குகள் நிற்குமே, அதன் பக்கத்துச் சந்தில்தான் கடை. தங்கள் ஊழியர்கள் சிலர் மத்தியானம் என்னிடம்தான் சாப்பிடுகிறார்கள். சால்னா காரம் குறைத்துத் தருகிறேன். அதைச் சலுகைக்காகச் சொல்லவில்லை, ஆளை அடையாளம் தெரியட்டும் என்றுதான்.

1. தவறு எங்கே நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் என் பங்கும் உண்டு. எங்கள் பக்கத்தில் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம், அதற்கு இனிஷியல் என்று பெயர். பாஸ்போர்ட் எடுக்கும்போது மட்டும் அப்பாவின் முழுப் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் நிரப்புவோம். என் பாஸ்போர்ட்டில் அப்படித்தான் ‘சுப்பையா’ என்று இருக்கிறது. பிள்ளை பிறந்த அன்று பிரசவ விடுதியில் பிறப்புப் பதிவுப் படிவம் 102ஐ நிரப்பிய அம்மாள் என் பழைய ஊர் அடையாள அட்டையைப் பார்த்து, பிள்ளையின் கடைசிப் பெயர்க் கட்டத்தில் அந்த இனிஷியலை அப்படியே இறக்கிவிட்டார். பிறகு நான் பாஸ்போர்ட்டை நீட்டியதும் தகப்பன் கட்டத்தில் ‘சுப்பையா’ என்று முழுதாக எழுதினார். மேலே போய்ப் பிள்ளையின் கட்டத்தைத் திருத்த மறந்தார். நானும் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணம், அந்த நேரம் முழுவதும் ‘யாழினி’யில் வரும் ழகரத்துக்கு எந்த ஆங்கில எழுத்துப் போடுவது என்று நானும் மனைவியும் அந்த அம்மாளும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். ழகரம் சரியாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

2. ஆக, ஒரே தாளில் தகப்பன் சுப்பையா, மகள் எஸ். வேறு ஆதாரமே வேண்டாம், அந்தத் தாளை இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தால் போதும். 2001இல் வந்த குடியரசுச் சட்டம் 9048, எழுத்துப் பிழை என்பதற்குக் கண்ணுக்குத் தெரிகிற பிழை, மற்ற ஆவணங்களைப் பார்த்துத் திருத்திவிடக்கூடிய பிழை என்றுதான் விளக்கம் சொல்கிறது. குடியுரிமை, வயது, குடும்ப நிலை எதுவும் இதில் மாறவில்லை. எதிரே இருக்கிற கோயிலில் கொடுத்த ஞானஸ்நானச் சான்று, சுகாதார நிலையத்தின் தடுப்பூசிப் புத்தகம், எங்கள் கல்யாணப் பதிவு என்று மூன்று தாள்கள் வைத்திருக்கிறேன். சட்டம் கேட்டது இரண்டுதான்.

3. பிள்ளையைக் கிண்டர்கார்டனில் சேர்க்க 2021இல் சான்றிதழ் எடுத்தபோதுதான் எங்களுக்கே இது தெரிய வந்தது. உடனே ஓடி வந்தோம். அந்த டிசம்பரில் ஒடெட் புயல் அடித்தது. பதிவேடு நனைந்துவிட்டது, காயட்டும் என்றார்கள். காத்திருந்தோம். ஊரே கூரை இல்லாமல் கிடந்தபோது பெயரைப் பற்றிப் பேச எங்களுக்கே கூச்சமாக இருந்தது. 2022இல் வந்தபோது, இது கோர்ட்டுக்குப் போக வேண்டிய விஷயம், விதி 108, மூன்று வாரம் பத்திரிகையில் விளம்பரம் போட வேண்டும், வக்கீல் பிடியுங்கள் என்றார்கள். வக்கீல் சொன்ன தொகைக்கு நான் கடையை விற்க வேண்டும். தாங்கள் பொறுப்புக்கு வந்த பிறகுதான், கோர்ட் தேவையில்லை, 9048இலேயே முடிக்கலாம் என்று மனுவை வாங்கிக்கொண்டீர்கள். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. மனைவி அன்று வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

4. 1000 பெசோ கட்டினோம், ரசீது இருக்கிறது. 2024 பிப்ரவரி 19 முதல் 28 வரை, சட்டம் சொன்ன பத்து நாளும், அறிவிப்பு உங்கள் படிக்கட்டுப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. நாய்க்கு ஊசி போடும் முகாம் அறிவிப்புக்கும் மார்க்கெட் வாடகை அறிவிப்புக்கும் நடுவில். தினமும் காலையில் மாவு பிசைந்து வைத்துவிட்டு வந்து பார்ப்பேன். ஆறாம் நாள் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது, நானே பசை கொண்டுவந்து ஒட்டினேன். (அது தவறென்றால் மன்னிக்கவும்.) யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? பத்து நாள் முடிந்தால் ஐந்து வேலை நாளில் தாங்கள் முடிவு எழுத வேண்டும். அடுத்த ஐந்து வேலை நாளில் மணிலாவில் உள்ள தலைமைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் பத்து வேலை நாளுக்குள் மறுக்காவிட்டால் முடிவு உறுதியாகிவிடும். மொத்தம் இருபது வேலை நாள். விரல் விட்டு எண்ணினேன், மார்ச் கடைசிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

இன்று 2025 ஆகஸ்ட். மணிலாவிலிருந்து தாமதம் என்றால் எனக்குப் புரியும். கோப்பு இந்தக் கட்டடத்தின் மாடியை விட்டே இறங்கவில்லை என்று கவுண்டரில் இருக்கும் தம்பியே சொன்னான். கையெழுத்து ஆகவில்லை என்றான். போன மாதம் கேட்டபோது கணினி மாற்றுகிறோம் என்றார்கள். அதற்கு முன்னால் திருவிழா. அதற்கு முன்னால் தேர்தல்.

5. என் மாமியார் சான்றிதழில் ‘மரியா’ என்பதை ‘மா.’ என்று சுருக்கி எழுதியிருக்கிறார்கள். ஊரில் அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கும் அப்படித்தான். அதனால் ஒரு எழுத்து ஒரு பெரிய விஷயமா என்று இங்கே சிலர் நினைக்கிறார்கள். ‘மா.’ என்றால் மரியா என்று இந்தத் தீவில் குழந்தைக்கும் தெரியும். ‘எஸ்’ என்றால் யார்? 1849இல் ஸ்பானிய கவர்னர் ஜெனரல் கிளாவேரியா ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தீவுகளில் உள்ளவர்களுக்குக் குடும்பப்பெயர் கொடுக்க உத்தரவிட்டார். சில ஊர்களில் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களாகவே போய்ச் சேர்ந்தன என்பார்கள். ஆனால் அவர்கூட வெறும் எழுத்தை யாருக்கும் பெயராகக் கொடுக்கவில்லை. என் மகளுக்குத்தான் அந்தப் பெருமை. எங்கள் ஊர்ப் பேச்சில் ‘எஸ் ஆகிவிட்டான்’ என்றால் நழுவிவிட்டான் என்று அர்த்தம். (இந்த வரியை மனைவி மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவாள் என்று தெரியும்.)

6. இனி என்னை வதைக்கிற ஒன்றைச் சொல்கிறேன். பள்ளியில் பேர் கூப்பிடும்போது பிள்ளைகள் சிரிப்பதைப் பற்றியெல்லாம் முந்தைய மனுவில் எழுதினேன், அதை விட்டுவிடுங்கள். அதை அவளே சமாளித்துக்கொள்கிறாள்.

என் அம்மாவுக்கு 82 வயது. கோவில்பட்டிப் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். இவளுக்கு யாழினி என்று பேர் வைத்தவரே அவர்தான், போனில். இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் பேத்திக்கு ஒரு பட்டுப் பாவாடை சட்டை தைக்கிறார். வீடியோவில் பிள்ளையைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்கச் சொல்வார். மனைவி ஒரு நூலை இடுப்பிலிருந்து கணுக்கால்வரை பிடித்து, அந்த நூலை அளந்து சொல்வாள். டெய்லர் வளர்கிற பிள்ளை என்று இரண்டு அங்குலம் கூட்டித் தைப்பார், உள்மடிப்பு வேறு விடுவார். 2019இலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒன்று. தபாலில் அனுப்பச் சொன்னால் கேட்பதில்லை. “பிள்ளை வந்து இங்கன நின்னு உடுத்தணும்டா” என்பார். மே மாதம் போனபோது டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அந்துருண்டை வாசத்தோடு ஏழு பாவாடை, அடியில் சிறியது, மேலே பெரியது. கீழே இருக்கிற ஐந்தும் இனி அவளுக்கு ஏறாது.

மே மாதம் ஏன் போனேன் என்றால், அம்மா முற்றத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சேதி வந்த ராத்திரி பிள்ளை தன் பள்ளிப்பையைக் காலி செய்து துணி அடுக்கி வைத்திருந்தாள். பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட்டுக்குப் போனால், தகப்பன் பேரும் பிள்ளை பேரும் ஒட்டவில்லை, பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “என் பேர இன்னும் திருத்தலையாப்பா?” என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். நான் மட்டும் மஞ்சள் பஸ்ஸில் ஏறி விமான நிலையம் போனேன். அவள் பையோடு கடை வாசலில் நின்றாள். அன்று தங்கள் அலுவலகமும் திறந்துதான் இருந்தது, மாடியில் லைட் எரிந்தது, பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

கட்டிலில் கிடந்த அம்மா முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். “பிள்ளை எங்கடா?” பேரில் ஒரு சிக்கல் அம்மா, ஒரு கையெழுத்து வரணும் என்றேன். “பேர் வச்சது நான்லா. சந்தேகம்னா என்னைக் கேக்கச் சொல்லு” என்றார். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றுக்கு டாக்டர் பயப்படுகிறார். இப்போதெல்லாம் வீடியோவில் பிள்ளை முகம் தெரிவதில்லை. குரலைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார். “ஆச்சி, நான்தான்” என்று இவள் கத்துவாள். இன்னும் எத்தனை பொங்கல் என்று தாங்களே சொல்லுங்கள்.

7. கையெழுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

8. உங்கள் வரவேற்பறைச் சுவரில் குடிமக்கள் சாசனம் என்று பெரிய பலகை தொங்குகிறது. 2018ஆம் வருஷச் சட்டம் 11032, எளிய வேலைக்கு மூன்று நாள், சிக்கலான வேலைக்கு ஏழு, நுட்பமான வேலைக்கு இருபது என்று கெடு வைக்கிறது. என் வேலை இந்த மூன்றில் எதில் சேர்த்தி என்று தெரிந்தால் மனசு ஆறும். காத்திருந்து காத்திருந்து அந்தப் பலகை எனக்கு மனப்பாடம், எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நான் பிசாயாவில் முதலில் கற்ற சொல் ‘உக்மா’. நாளைக்கு என்று பொருள். வேறெங்கேயும் கற்கவில்லை, உங்கள் கவுண்டரில்தான். இன்று போய் நாளை வா என்று ராவணனிடம் ராமன்கூட ஒரு தடவைதான் சொன்னான். என்னிடம் சொன்னதை ஒரு கட்டத்துக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். மச்சினன் 8888 என்ற புகார் எண்ணை எழுதிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறான். இன்னும் அடிக்கவில்லை. ஒரே ஊரில் இருக்கிறோம், ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம், அதுவரைக்கும் போக வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கோபத்தில் ஏதாவது கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். தாங்கள் கெட்டவர் இல்லை. மனுவை வாங்கிக்கொண்டவர் தாங்கள்தான். அதனால்தான் தங்களிடமே திரும்பத் திரும்ப வருகிறேன்.

9. கேட்பது இவ்வளவே. முடிவில் கையெழுத்திட்டு மணிலாவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தர வேண்டும். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள், மேல்முறையீட்டுக்காவது போகிறேன். இரண்டும் இல்லாமல் தொங்கவிடாதீர்கள். தயவுசெய்து கையெழுத்திடுங்கள் அம்மா. அந்த ஒரு எழுத்தை எடுத்துவிட்டு என் அப்பா பேரை முழுதாக எழுதுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை, 8ஆம் தேதி, மதிய மணி அடித்ததும் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வருகிறேன். பிரவுன்அவுட் என்று கரண்ட் போனாலும் பரவாயில்லை, படியில் உட்கார்ந்திருப்பேன். இந்த வாரத்துக்குள் அளவு சொல்ல வேண்டும் என்று கோவில்பட்டியிலிருந்து டெய்லர் போன் செய்திருக்கிறார். இந்த வருஷம் பொங்கல்வரை காத்திருக்க அம்மா சம்மதிக்கவில்லை, தீபாவளிக்கே தைக்கச் சொல்லிவிட்டாராம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
யாழினி சுப்பையாவின் அப்பா

இணைப்பு: பிறப்புச் சான்றிதழ் நகல் (தகப்பன் கட்டத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டது நான்தான்), 1000 பெசோ ரசீது நகல், ஞானஸ்நானச் சான்று, தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கம், கல்யாணப் பதிவு, முந்தைய மூன்று மனுக்கள்.