கையெழுத்துக்கு அவசரமில்லை, பாப்பா

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ அழுத அழுகையில் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கருமாதி முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் பெரியப்பா உன்னிடம் விடுதலைப் பத்திரம், அதாவது உன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம், பற்றிப் பேசியிருக்கிறார். "தம்பிக்கு விட்டுக் குடுத்துடும்மா, பொறந்த வீடு வேணும்ல" என்றாராம். நீயும் சரி என்றாயாம். அப்பா போன துக்கத்தில் யார் எதை நீட்டியிருந்தாலும் நீ கையெழுத்துப் போட்டிருப்பாய். அந்த நேரம் பார்த்துக் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஆறு மா நிலமும் தாத்தா சொத்து இல்லை. அப்பா சம்பாதித்து, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தது. உயில் எழுதவில்லை. அப்படியென்றால் எனக்கும் உனக்கும் தம்பிக்கும் சமபங்கு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. நகை போட்டாச்சு, சீர் செய்தாச்சு, அதோடு சரி என்று ஊரில் பேசுவார்கள். சீர் நாங்கள் ஆசைப்பட்டுச் செய்தது. அதற்காக உன் பங்கு இல்லாமல் போகாது.

ஆனால் தம்பி மேல் கோபம் வைக்காதே. பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. அடுத்த போகத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா, அடங்கல் என்று நிலக் கணக்கெல்லாம் கேட்பார்கள். அந்தப் பயம்தான் அவனுக்கு. அதற்கு உன் பங்கை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு எழுதிப் போடலாம். உழுவது அவனே உழட்டும். கொள்ளி வைத்த மறுநாள் வரப்பில் போய் உட்கார்ந்திருந்தான். கூப்பிடப் போனேன். "மேலுரம் எப்பப் போடணும்னு இனிமே யார்கிட்டம்மா கேக்குறது" என்றான். அந்தப் பிள்ளையை நீ பகைத்துக்கொள்ளக் கூடாது.

2018-ல் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்தபோது அப்பா திண்ணையை விட்டே எழவில்லை. நீங்கள் இரண்டு பேரும்தான் மரங்களை அப்புறப்படுத்தினீர்கள். கன்று நீ வைத்தாய், தண்ணீர் அவன் ஊற்றினான். இப்போது காய்க்கிறது.

ஊர் நம்மைக் கைவிடவில்லை. அப்பா போன அன்றைக்கு அக்கம்பக்கத்து வயலில் களை எடுத்தவர்கள் எல்லாரும் கரையேறி வந்துவிட்டார்கள். காரியத்துக்கு முந்தின நாள் மழையில் நம் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டது. யாரும் சொல்லாமலே மேலத்தெரு ஆட்கள் மண்வெட்டியோடு போய் வடியவிட்டார்கள். சம்பா நன்றாகத் தூர் கட்டியிருக்கிறது.

என்னைக் கேட்டாயே. சாப்பிடுகிறேன். தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. பசு என்னைக் கறக்க விடவில்லை, உதைத்தது. அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் நிற்கிறது. துவைக்காமல் வைத்திருக்கிறேன், துவைக்க மனசும் இல்லை.

துக்க வருஷம், இந்தத் தைக்குப் பொங்கல் வைக்கக் கூடாது. சீர் வராது என்று உன் மாமியாரிடம் சொல்லிவிடு. தை கடைசியில் அறுப்பு இருக்கும், மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. நெல் வீட்டுக்கு வந்ததும் நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். அதுவரைக்கும் யார் போன் பண்ணினாலும், "அம்மாவைக் கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிடு.

அம்மா