ஐவரி கோஸ்ட் தேர்தலும் முந்திரி வரத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் 2025 அக்டோபர் அதிபர் தேர்தல் முடிந்துவிட்டது, முந்திரிக்கொட்டை வரத்துக்குப் பாதிப்பில்லை என்று எங்கள் பண்ருட்டிப் பக்கம் நிம்மதியாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. 2010-ல் அந்த நாட்டின் அபிஜான் நகரில் ஒரு முந்திரிக் கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன் நான்.

அந்த நவம்பர் 28 அன்று நடந்த அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் 54 சதவீத வாக்குகளோடு வடக்கத்தி வேட்பாளர் அலசான் ஒட்டாரா வென்றதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. மறுநாளே அரசியலமைப்பு மன்றம் வடக்கே பல இடங்களின் வாக்குகளை ரத்து செய்து, பதவியில் இருந்த அதிபர் லோரன் பாக்போதான் வென்றார் என்றது. ரத்தானவற்றில் புவாக்கேயும் கொரோகோவும் உண்டு. எங்களுக்கு மூட்டை மூட்டையாகக் கொட்டை வந்ததே அந்தப் பக்கத்திலிருந்துதான். கொரோகோ லாரி ஓட்டுநர் ஒருவர் வாக்காளர் அட்டையை என் மேசைமேல் வைத்து, "என் படம் இருக்கிறது, என் ஓட்டு எங்கே?" என்று கேட்டார். என் அரைகுறை பிரெஞ்சில் மட்டுமல்ல, தமிழில் கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.

இருவரும் ஒரே நாளில் பதவியேற்றார்கள். 2011 பிப்ரவரியில் வங்கிகள் மூடின. மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கூலி கொடுக்கப் பணமில்லை. மார்ச்சில் அபிஜானின் அபோபோ பகுதியில் ஊர்வலம் போன பெண்கள் ஏழு பேரைப் பாக்போவின் படையினர் சுட்டுக் கொன்றார்கள். ஏப்ரல் 11-ல் பாக்போ பிடிபட்டார். அந்தச் சில மாதங்களில் செத்தவர்கள் சுமார் 3,000 பேர்.

இதற்கெல்லாம் வேர் இன்னும் பழையது. 2000-ல் ஒட்டாராவின் குடியுரிமையைச் சந்தேகித்து அவரைப் போட்டியிடவே விடவில்லை. வடக்கத்தி மக்கள் அதைத் தங்களுக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார்கள். 2002-ல் உள்நாட்டுப் போர் மூண்டு நாடு இரண்டாகப் பிரிந்தது. அதே ஒட்டாராவின் ஆட்சியில், 2025 அக்டோபர் தேர்தலில், எதிர்க்கட்சித் தலைவர் டிஜான் தியாமைக் குடியுரிமைக் காரணம் காட்டி நீக்கினார்கள். பழைய நீதிமன்றத் தண்டனையைச் சொல்லிப் பாக்போவையும் விடவில்லை. ஒட்டாரா 90 சதவீதத்துக்கு நெருக்கமாக வாங்கி நான்காம் முறை அதிபரானார். தனக்கு நடந்தது அநியாயம் என்று அவருக்கே தெரியுமே! இதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

வரத்து நிற்காததை வைத்து அங்கே அமைதி என்று எழுதிவிட வேண்டாம், ஐயா. போட்டியிட விடாமல் நீக்கப்பட்டவர்களைப் பற்றியும், அவர்களுக்கு ஓட்டுப்போடக் காத்திருந்தவர்களைப் பற்றியும் தங்கள் நாளிதழில் எழுதுங்கள். அங்கே கொட்டை வாங்கும் எங்கள் ஊர் முதலாளிகளும் அதைப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் கிடங்குக் கணக்கர்,
பண்ருட்டி