பூங்காவில் ஓர் அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லச் சென்னையிலும் சுற்றிலும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. கிண்டி சிறுவர் பூங்காவும், 1985-இல் திறக்கப்பட்ட வண்டலூர் உயிரியல் பூங்காவும் (செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்), மெரினா மணலும் இருக்கின்றன. ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு அரசுப் பேருந்துகளில் 2022 முதல் கட்டணமும் கிடையாது.

சென்ற ஞாயிறன்று இரண்டு வயது மகளுடன் நகரப் பூங்கா ஒன்றுக்குத் தனியே சென்றிருந்தேன். வாயிலிலிருந்த சுழல் கம்பிக் கதவு தள்ளுவண்டிக்கு வழிவிடாததால், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் மடக்கிய வண்டியுமாக உள்ளே நுழைந்தேன். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆண்கள் கழிப்பறையில் ஈரத் தரையைத் தவிர வேறிடம் இல்லாமல், வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் துண்டை விரித்து, வருவோர் போவோர் பார்க்க டயப்பர் மாற்ற வேண்டியதாயிற்று. அவளோ வேப்பம்பழத்தை வாயில் போட்டுக்கொள்வதிலேயே குறியாக இருந்தாள்.

பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015-இலேயே திறக்கப்பட்டன. அதுபோலப் பூங்காக்களிலும், தந்தையரும் பயன்படுத்தும் வகையில், மடக்குப் பலகையும் குழாயும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் கொண்ட சிறு அறை ஒன்றையேனும் அமைக்கவும், சுழல் கதவை அடுத்துள்ள அகலமான வாயிலைப் பூட்டாமல் வைக்கவும் மாநகராட்சி ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், சென்னை